ஆறு மணி வரை அழைக்க வேண்டாம்

தண்ணீர்ப் பீப்பாயை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். மேலிருந்து கீழே, சாணுக்கு ஒரு தட்டு. ‘டங்’ என்றால் காற்று, ‘தொப்’ என்றால் தண்ணீர். மூடியைத் திறந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும் சங்கதிதான். ஆனால் திறந்தால் தூசி விழும், தூசி விழுந்தால் தண்ணீர் கெடும், கெட்டால் கொட்ட வேண்டும், கொட்டினால் கணக்கில் ஒரு நாள் குறையும். ஆகவே தட்டுகிறார். நான்கு பீப்பாயும் தட்டி முடித்து, சாக்பீஸால் அவற்றின் வயிற்றில் தேதி எழுதிய பிறகுதான் பல் தேய்ப்பது.

தெருவில் அவருக்குக் கையிருப்பு அக்கா என்று பெயர். வயது நாற்பத்தாறு. குள்ளமான, கெட்டியான உருவம். வீட்டுக்குள் சமையலறையிலிருந்து முன்னறைக்கு வருவதானாலும் பஸ் கிளம்பிவிடுமோ என்கிற வேகம் காலில் இருக்கும். வேலை, மின்சார அலுவலகத்தில் புகார் மேஜை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாளைக்கு எட்டு மணி நேரம், கரண்ட் போன வீடுகளில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம், “ஆள் போயிருக்காங்க சார், அரை மணி நேரத்துல வந்துடும்” என்று சொல்ல வேண்டும். அந்தக் குரலில் அப்படியொரு உறுதி. திட்டுவதற்கென்றே கூப்பிட்டவர்கள்கூட “சரிம்மா, ரொம்ப நன்றி” என்று வைத்துவிடுவார்கள்.

ஊருக்கே நம்பிக்கை சொல்லும் இவர், தம் வீட்டில் மின்சாரத்தை நூலிழைகூட நம்புவதில்லை. காரணம் கேட்டால், “அரை மணி நேரத்துல வந்துடும்னு சொல்றதே நான்தானே? எனக்குத் தெரியாதா என் லட்சணம்?” என்பார்.

நம்பாமையை அவர் ஒரு தொழிலாகவே செய்துவைத்திருக்கிறார். வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு லாரி நிறுத்தும் அளவுக்கு மண். அந்த மண்ணில் அவரை, கீரை, தக்காளி, பூசணி, ஏழு கோழிகள், மழைத்தண்ணீர்த் தொட்டி, குப்பையை எருவாக்கும் குழி. சமையலறை அலமாரியில் வரிசையாகத் தகர டப்பாக்கள். உலர்த்திய தக்காளி, வறுத்த பயறு, உப்பு, வேர்க்கடலை. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, உள்ளே வைத்த தேதி, தின்று முடிக்க வேண்டிய தேதி. வாசல் கதவுக்குப் பின்னால் மூன்று ஆணிகளில் மூன்று பைகள். ஒவ்வொரு பையிலும் டார்ச், கயிறு, பிஸ்கட், பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், ஒரு விசில். படுக்கும்போது செருப்பைக் கட்டிலின் வலது பக்கம்தான் கழற்ற வேண்டும். இடது பக்கம் கழற்றிய குற்றத்துக்காகக் கணவரை நடுச்சாமத்தில் எழுப்பிய வரலாறு உண்டு.

சோப்பும் வீட்டுத் தயாரிப்பே. சாம்பல் நிறத்தில் செங்கல் போல இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. “இது சோப்பு இல்ல, சோப்புக்கு ஏதோ தூரத்துச் சொந்தம்” என்பது கணவரின் கருத்து. “அழுக்கு போகுதா இல்லையா? நுரைய வெச்சு என்ன பண்ணப் போறீங்க, கூட்டு வெக்கப் போறீங்களா?” என்பது அக்காவின் பதில்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிறவர். கால் புள்ளி பிசகினாலும் அந்த வில்லையை அப்படியே ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும் மனிதர். பேச்சிலும் அதே தொழில் சுத்தம். “பத்து நிமிஷத்துல வரேன்” என்று அவர் சொன்னதே கிடையாது. பன்னிரண்டு நிமிடம் என்பார், பன்னிரண்டாவது நிமிடம் வாசலில் நிற்பார். ஒரே மகள், கல்லூரியில் முதல் வருடம். அவளுக்கு அம்மாவின் வாயும் அப்பாவின் கண்ணும்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. மெயின் சுவிட்ச் கீழே, தண்ணீர்க் குழாய் அடைப்பு, காஸ் மூடல், மூன்று செல்போன்களும் அணைக்கப்பட்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வெளியே யாரிடமும் கை நீட்டக் கூடாது. ஒரு தீக்குச்சி, ஒரு தகவல், ஒரு வாய்த் தண்ணீர்கூட. கேட்டில் ஓர் அட்டை தொங்கும்: ‘இன்று ஒத்திகை. மாலை ஆறு மணி வரை அழைக்க வேண்டாம்.’ எழுதியவள் மகள். அடியில் பொடி எழுத்தில் ‘அழைத்தாலும் விட மாட்டார்கள்’ என்று அவள் சேர்த்திருந்ததை அக்கா சுரண்டி எடுத்துவிட்டார். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும்.

ஒத்திகையில் இன்னொரு சட்டம், பழையதை முழுக்கக் காலி செய்யாமல் புதியதை நிரப்பக் கூடாது. பீப்பாய்த் தண்ணீர் அன்று தீர வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி ஓய்ந்து சிவப்பு விளக்கு எரியும் வரை ஓட வேண்டும். அப்போதுதான் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது தெரியும். மாதத்தில் இருபத்தொன்பது நாள் எதற்கும் தயாராக இருக்கிற அந்த வீடு, ஒத்திகை தினத்தின் சாயங்காலம் மட்டும் எதற்கும் தயாராக இருக்காது. இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லும் தைரியம் உள்ளவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கக்கூடிய கணவர், கேட்டால் மட்டுமே கருத்துச் சொல்லும் ரகம்.

இதுவரை ஒரு ஒத்திகைகூட முழுசாகத் தேறியதில்லை. ஒரு முறை எல்லாம் இருந்தது, தீப்பெட்டி இல்லை. ஒரு முறை மகளுக்குப் பல்வலி. ஒரு முறை, பக்கத்துத் தெருமுனை டீக்கடைக்குள் கணவர் கையும் கிளாஸுமாகப் பிடிபட்டார். இன்னொரு முறை கோழி ஒன்று சுவரேறி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. நம் கோழியை நாமே திருப்பிக் கேட்பது கை நீட்டுவதில் சேருமா என்று ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்தது. சேரும் என்று தீர்ப்புச் சொன்னவர் கணவர்தான்.

அடுத்த வீடு, ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் வீடு. அவர் மனைவியும் டீச்சராக இருந்தவர். இரண்டு வருடமாக நுரையீரல் சரியில்லை. மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மூச்சு மெஷின். ஹெட்மாஸ்டருக்கு அக்காவைப் பார்த்தால் கேலி. “என்னம்மா, எதிரிப் படை எந்தப் பக்கம் வருது? சொன்னா நாங்களும் ஒதுங்கிக்குவோம்” என்பார் சுவருக்கு மேலாக. “வரும்போது உங்களத்தான் சார் மொதல்ல அனுப்புவேன், பேசியே கொன்னுடுவீங்க” என்பார் அக்கா.

போன மாதம் விஷயம் கொஞ்சம் முற்றியது. கணவரின் கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு அடுக்குமாடி எழுந்திருக்கிறது. நாலாவது மாடியில் ஒரு வீடு காலி. ஜெனரேட்டர் உண்டு, எந்நேரமும் தண்ணீர் உண்டு, வாசலில் காவலாள் உண்டு. கோழிக்கு அனுமதி இல்லை. செடி என்றால் பால்கனியில் இரண்டு தொட்டி.

“தப்பா எடுத்துக்காதே. நீ எதுக்காக இவ்வளவு பாடுபடறியோ அது அத்தனையும் அங்க தானா இருக்கு” என்றார் கணவர்.

“தானா இருக்கறது தானா போயிடும்.”

“எட்டு வருஷமா ஒத்திகை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெளிய கை நீட்டாம ஓட்டியிருக்கோமா? அடுத்த ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காமி. அப்புறம் ஃபிளாட் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா திங்கக்கிழமை காலைல சரின்னு சொல்லிடறேன். எத்தன நாளைக்கு அந்த ஃபிளாட்டுக்காரனக் காக்க வெக்கறது?”

“சம்மதம்” என்று அந்த நொடியே சொல்லிவிட்டார் அக்கா. சொன்ன பிறகு பின்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார். அந்த மண், வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசலும் சிமெண்டுக் கட்டியுமாக இருந்தது. கையால் பொறுக்கி, சல்லடையில் சலித்து, எருப்போட்டு, இரண்டு வருடம் கழித்து முதல் மண்புழு கண்ணில் பட்ட அன்று அவர் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த விஷயம்’ என்று எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாமே வழுவழுவென்று ஓடியது. காலையில் முட்டை, மரத்தூள் அடுப்பில் அவித்த பயறு. பதினொரு மணிக்குக் காற்று பலமாக அடித்துத் தக்காளிக் கொம்புகள் சாய்ந்தன. அவற்றைக் கட்ட கயிறு வீட்டிலேயே இருந்தது. மகளுக்கு விரலில் முள் குத்தியது. ஊசியும் மருந்தும் பையில் இருந்தன. தீப்பெட்டி நான்கு இருந்தது. கோழிகளுக்குச் சிறகு நறுக்கியாயிற்று. மத்தியானத்துக்கு மேல் பேட்டரியைத் தீர்ப்பதற்காக, வாரத் துணி முழுவதையும் அக்கா இஸ்திரி போட்டார். தெருமுனைச் சலவைக் கடைக்குத் துணி போடுவதை மூன்று வருடம் முன்பே நிறுத்தியாயிற்று. அதற்கு முன்பு ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், அன்றிலிருந்து ‘மேடம்’ என்று அழைக்கிறார். மூன்றரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசிப் பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவினார்கள்.

“அம்மா, தெருவே கம்முனு இருக்கு. யார் வீட்டுலயும் டிவி சத்தம்கூட இல்ல” என்றாள் மகள்.

“எட்டு வருஷமா நம்மளப் பாக்கறாங்க. திருந்தியிருப்பாங்க” என்றார் கணவர். மூவரும் சிரித்தார்கள். கணவர் சிரித்தது அக்காவுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கேட் ஓசைப்பட்டது. ஹெட்மாஸ்டர் நின்றார். வேட்டி கசங்கி, முகம் வெளிறி, கையில் ஒன்றுமில்லாமல் விரல்களைப் பிசைந்துகொண்டு. கேலி செய்கிற வாயில் அன்று கேலி இல்லை.

“அம்மா… உங்க பேட்டரில கொஞ்சம் கரண்ட் கிடைக்குமா? கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆச்சு.”

“கரண்டா?” என்றார் அக்கா. “இன்னிக்கு நாங்கதானே சார் நிறுத்தினோம்?”

“உங்க வீட்டுல நீங்க நிறுத்தினீங்க. ஊர்ல பதினொரு மணிக்குப் போச்சு. மெயின் ரோட்ல மரம் விழுந்து லைன் அறுந்து கெடக்கு. மெஷின் ஓடல. வீட்ல இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு, இருபது நிமிஷம் தாங்கினா அதிகம். ஆம்புலன்ஸ்காரன் சுத்திக்கிட்டுதான் வரணும், முக்கா மணி ஆகும்னுட்டான்.”

“ஏன் சார், காலைலயே வந்து சொல்லக் கூடாதா? பேட்டரி முழுசா இருந்துச்சே! மூணு மணி வரைக்கும் இருந்துச்சே!”

ஹெட்மாஸ்டர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். “மூணு தடவ வந்தேம்மா. போர்டு போட்டிருந்துச்சு.”

அட்டை காற்றில் ஒரு முறை திரும்பி, மறுபடி எழுத்தைக் காட்டியது. மடித்து அடுக்கிய துணிகள் முன்னறையில் இருந்தன, மடிப்புக் கலையாமல். டீச்சரின் ஆறு மணி நேரத்து மூச்சை அக்கா தலையணை உறை வரைக்கும் இஸ்திரி போட்டுத் தீர்த்திருந்தார்.

அக்கா சும்மா நின்றது பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியில் அவர் மனசுக்குள் அலுவலகச் சுவரிலிருக்கும் லைன் வரைபடம் விரிந்தது. “இந்தப் பக்கம் மூணு தெருவும் ஒரே லைன். முக்குக்கு அந்தாண்ட பம்பு ஹவுஸ் லைன். இங்க கரண்ட் போனா எனக்கு நூறு போன் வரும், அங்கேர்ந்து ஒண்ணுகூட வராது. சலவைக் கடை அந்த லைன்ல இருக்கு.” இதை யாரிடமும் சொல்லவில்லை, வாய்விட்டு யோசித்தார். பிறகு கணவரைப் பார்த்து, “ஏங்க, மணி என்ன?” என்றார்.

“நாலு அம்பத்தாறு.”

“சரி. தோத்தாச்சு. நீங்க பாப்பாவோட படிக்கிற சேரத் தூக்குங்க, சக்கரம் வெச்சது. நீ சிலிண்டரப் புடிடி. சார், நீங்க மெஷினத் தூக்கிட்டு வாங்க. நான் முன்னால போய்க் கேக்கறேன்.”

“நீயா கேக்கப் போறே?” என்றார் கணவர்.

“பின்ன, போர்டா கேக்கும்?” போகிற போக்கில் அட்டையைப் பிடுங்கிக் கோழிக்கூட்டின் மேல் வீசிவிட்டுத் தெருவில் ஓடினார். பஸ் பிடிக்கிற அந்த நடைக்கு அன்றுதான் ஒரு பஸ் இருந்தது.

சலவைக் கடையில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் சூடாக இருந்தன. திங்கட்கிழமைக்கான சட்டைகள் மலையாகக் கிடந்தன. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அடடே, வாங்க மேடம். வழி தவறி வந்துட்டீங்களா?”

“இல்லண்ணே. கரண்ட் வேணும்.”

“என்னது? கரண்ட் ஆபீஸ் எங்கிட்ட வந்து கரண்ட் கேக்குதா? இருங்க, நான் உக்காந்துக்கறேன்.”

“கேக்குதுண்ணே. கரண்ட் ஆபீஸ்தான் கேக்குது. உக்காந்தும் கேக்கச் சொன்னா கேக்கறேன். டீச்சருக்கு மூச்சு மெஷின் நின்னுபோச்சு. சிலிண்டர் தீரப் போகுது. தூக்கிட்டு வராங்க.”

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. “அறிவிருக்கா உனக்கு? அத மொதல்ல சொல்லாம அண்ணே நொண்ணேன்னுட்டு!” ஒரே இழுப்பில் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். மேஜையிலிருந்த துணிமலையை இரு கையாலும் தரைக்குத் தள்ளினார். “எங்க வெக்கணும், சொல்லு தங்கச்சி.”

தெருவில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலி அல்ல, சக்கரம் வைத்த நாற்காலி. எந்தப் பக்கம் தள்ளினாலும் வேறொரு பக்கம் போக ஆசைப்படும் ஜாதி. டீச்சரை அதில் உட்காரவைத்துக் கணவர் குனிந்து தள்ளினார். மகள் சிலிண்டரை இடுப்பில் அணைத்துக்கொண்டு, எதிரே வந்த பைக்குகளை விசில் ஊதி ஓரம் கட்டினாள். ஹெட்மாஸ்டர் மெஷினை மார்போடு சேர்த்துப் பிடித்து, ஓடவும் முடியாமல் நடக்கவும் மனமில்லாமல் வந்தார். டீச்சரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனாலும் வாய் சும்மா இல்லை.

“மெதுவாத் தள்ளுப்பா… நான் இன்னும்… டிக்கெட் எடுக்கல.”

“பேசாம வாயேன்!” என்று அலறினார் ஹெட்மாஸ்டர்.

“பேசலன்னா… போயிட்டேன்னு… நெனச்சுக்குவீங்க.”

மெஷினைச் சொருகியபோது சிலிண்டர் முள் அடிமட்டத்தில் படுத்திருந்தது. ஒரு பீப் ஒலி. பிறகு அந்தப் பழகிய உறுமல். டீச்சர் விரலில் மாட்டியிருந்த சின்னக் கருவியில் ஆக்ஸிஜன் அளவு எண்பத்து மூன்று. எல்லோரும் அதையே பார்த்தார்கள். எண்பத்து ஐந்து. அங்கேயே நின்றது. நாற்காலி சரியாமல் இருக்கக் கடைக்காரர் தன் காலை முட்டுக்கொடுத்து நின்றார். எண்பத்து எட்டு. தொண்ணூறு வந்ததும் ஹெட்மாஸ்டர் துணிமலையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். யாரோ ஒருவருடைய நல்ல சட்டை அவருக்கடியில் போயிற்று. தொண்ணூற்று இரண்டில் டீச்சர் கண்ணைத் திறந்து, “எழுந்திரிங்க, இஸ்திரி போட்ட துணி அது” என்றார்.

ஆம்புலன்ஸ்காரருக்குச் சலவைக் கடை அடையாளம் சொல்லப்பட்டது. கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, கை சும்மா இருந்து பழக்கமில்லாததால், இன்னொரு மேஜையில் சூடாகக் காத்திருந்த இரண்டாவது பெட்டியை எடுத்துத் தரையில் கிடந்த சட்டைகளில் ஒன்றை விரித்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

“விடு தங்கச்சி, நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு ஒரு பெட்டிதானே கொறைஞ்சது? நான் இத முடிச்சுடறேன்.”

“காலர மொதல்ல போடணும். யார் சொல்லிக் குடுத்தா உனக்கு, முதுகுலேர்ந்து ஆரம்பிக்கறே? மூணு வருஷமா இப்படித்தான் போட்டுக்கிட்டு இருக்கியா?” கடைக்காரர் கணவரின் சட்டையைத் தொழில்முறை இரக்கத்தோடு ஏற இறங்கப் பார்த்தார். அக்கா காலரைத் திருப்பிப் போட்டார்.

ஹெட்மாஸ்டருக்கு மூச்சு சீரானதும் மனசு உறுத்தத் தொடங்கியது. பந்தயம் அவருக்கும் தெரியும். சுவருக்கு மேலாக எல்லாமே கேட்கும். “என்னாலதான் கெட்டுது. இன்னும் ஒரு மணி நேரம் தாண்டியிருந்தா உங்க வீடு உங்களுக்கு நின்னிருக்கும். ஆறு மணிக்குள்ள வந்து கதவத் தட்டிட்டேன்” என்றார் அக்காவிடம்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். தோத்தது தோத்ததுதான். நாளைக்கு அவரு பதில் சொல்லிடுவாரு” என்றார் அக்கா, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். பெட்டி ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. சுருக்கம் போய் வெகு நேரமாகியிருந்தது.

கணவர் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“இல்ல சார்” என்றார். “நாங்க வீட்ட விட்டுக் கெளம்பறப்பவே ஆறு தாண்டிடுச்சு.”

எதிர்ச் சுவரில் வெயில் இன்னும் மஞ்சளாக ஆளுயரத்துக்கு நின்றது. மகள் வெயிலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். டீச்சர் மட்டும் குழாய்க்குள் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மேஜையைச் சுற்றி வந்து கணவரின் கையைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்து நாலு. பிறகு மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, கடிகாரத்தின் மேல் பொத்தானைப் போட்டார்.